காந்த நாட்காட்டிக்குப் பின்னால் இருந்த துளை

அல்கோமா, விஸ்கான்சின்
ஏப்ரல் 19, 2004

மாப்பிள்ளை மைரனுக்கு,

கப்பலில் சமையல் வேலை எப்படிப் போகிறது, ஏரியில் பனிக்கட்டி கரைந்துவிட்டதா என்றெல்லாம் கேட்க இதை எழுதவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கராஜில் இருந்த ஃப்ரீசர் பெட்டி செத்துவிட்டது. மகளைப் பார்க்க நானும் உன் அக்கா பெர்னெலும் மில்வாக்கி போயிருந்தோம். இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் இங்கே வெயில் அடித்துப் பனியெல்லாம் உருகிவிட்டது. திரும்பி வந்து கராஜ் கதவைத் தூக்கினால் அங்கே நிற்க முடியவில்லை. பெர்னெல் பதினோரு வருஷம் காட்டில் குளிரில் உட்கார்ந்து, போன நவம்பரில்தான் முதன்முதலாக ஒரு கொம்பு மானை அடித்தாள். அந்த இறைச்சி முழுக்க அழுகிப் போயிற்று. செப்டம்பரில் கெர்மிஸ் அறுவடைத் திருவிழாவுக்கு அதில் சாசேஜ் போடுவதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆப்பிள் மரங்களுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம்.

ஊருக்குக் கிளம்பும் முன் கராஜைப் பெருக்கினாளாம். பெருக்கும்போது பிளக்கைத் தட்டிவிட்டிருப்போம் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். "என் கைதாங்க. வேற யாரு அந்தப் பக்கம் போனா?" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்கிறாள்.

நேற்று பழைய இரும்புக்காரனுக்காகப் பெட்டியை நகர்த்தினேன். தூண்டில் கடையில் கொடுத்த காந்த நாட்காட்டி பக்கவாட்டில் ஒட்டியிருந்ததே, அது கீழே விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு துளை. வட்டமாக, சுத்தமாக, பெருவிரல் நுழைகிற அளவுக்கு இருக்கிறது. எலி இவ்வளவு ஒழுங்காகத் துளை போடாது. என்னிடம் டிரில் கிடையாது. உன்னிடம் இருக்கிறது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கிறேன்.

எல்ராய்


சுப்பீரியர் ஏரி, கப்பல் சமையலறை
மே 6

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் கிடைத்தது. அங்கே தபால் படகு பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும், நாங்கள் மேலிருந்து கயிற்றில் வாளியை இறக்குவோம். வாளி ஏறி வந்ததில் மற்றவர்களுக்கெல்லாம் பேரப்பிள்ளைகளின் போட்டோ. எனக்கு இது. நல்லவேளை, படித்தபோது சமையலறையில் யாரும் இல்லை.

துளை போட்டது நான்தான்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஜூனில் உங்களுக்கு அறுபது வயது. நாம் இருவரும் குளிர்காலம் முழுக்கப் பீர் காய்ச்சி, பாட்டிலைக் கழுவியே முதுகு ஒடிகிறது. அந்த ஃப்ரீசரில் பீப்பாய்களை அடுக்கி, பக்கச் சுவரில் குழாய் வைத்து, நீங்கள் கராஜுக்குள் நுழைந்ததும் கையில் கிளாஸைக் கொடுத்துத் திருகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. மான் இறைச்சி தீர்ந்தபின் மற்ற வேலையை வைத்துக்கொள்ளலாம், இப்போதைக்கு ஒரு துளை மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். பிப்ரவரியில் நீங்கள் இருவரும் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு துளைக்கவில்லை, அத்தான். சுவருக்குள் வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் இருக்கும் என்று தெரியும். சோளமாவை ஸ்பிரிட்டில் குழைத்து வெளிப்பக்கம் பூசினால், சூடான குழாய் ஓடும் இடம் முதலில் காய்ந்து வெள்ளையாகக் கோடு விழும். பூசினேன். அரைமணி நேரம் காத்திருந்தேன். ஒரு கோடும் விழவில்லை. சரி, இந்தப் பக்கம் குழாயே இல்லை என்று டிரிலை வைத்து அழுத்தினேன். உஸ் என்று ஒரு சத்தம். பெட்டிக்குள் இருந்த உயிர் முழுக்க என் முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று.

கராஜுக்குள் அன்றைக்கு இருந்த குளிரில் ஃப்ரீசருக்கு ஓட வேண்டிய வேலையே இல்லை. மோட்டார் ஓடவில்லை, குழாய் சூடாகவில்லை, கோடும் விழவில்லை. இது துளை போட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் என் மண்டையில் ஏறியது.

அதே குளிர்தான் இறைச்சியையும் கல்லாக வைத்திருந்தது. அக்கா வாரா வாரம் பொட்டலம் எடுத்துச் சமைத்தாள், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து வாரம் ஓட்டினேன். பனி உருகும் முன் வேறு ஃப்ரீசர் வாங்கி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மார்ச்சில் கப்பலில் ஒரு வாரம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டார்கள். போய்விட்டேன்.

அத்தான், ஒரு உதவி செய்யுங்கள். மோட்டார் பழசு, அதுவாகவே நின்றுவிட்டது என்று அக்காவிடம் சொல்லிவிடுங்களேன். பிளக் இல்லை, மோட்டார்தான் என்று நீங்கள் சொன்னால் நம்புவாள்.

உங்கள்
மைரன்


அல்கோமா
ஜூன் 14

மைரனுக்கு,

சொல்ல மாட்டேன். ஒரு பொய்யைப் போட்டு இன்னொரு பொய்யை மூட நான் என்ன உன் எடுபிடியா?

மறைத்தாய் பார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. துளையைக்கூட விட்டுவிடுகிறேன். ஐந்து வாரம் எங்கள் மேஜையில் உட்கார்ந்து, அந்த மானையே சாப்பிட்டு, "அக்கா, இன்னொரு துண்டு போடு" என்று தட்டை நீட்டினாய். அவளோ இப்போது அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறினால் பாதி வழியில் திரும்பச் சொல்கிறாள். "எனக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிடுச்சோ?" என்று போன வாரம் கேட்டாள். உங்கள் அம்மாவுக்குக் கடைசியில் அப்படித்தானே ஆயிற்று. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று உனக்குப் புரியும்.

அந்தக் கோபத்தில் கராஜுக்கு மேலே உன் அறையைக் காலி செய்யப் போனேன். கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. நாலு பீர்க் குழாய், வாயு அளவைக் காட்டும் மீட்டர், சுருள் சுருளாக ஹோஸ், வெப்பம் பார்த்துத் தானே அணைத்துப் போடும் கருவி. மேலே 'அறுபது' என்று உன் கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தது. எனக்குக் கோபம் இன்னும் ஏறிற்று. மனுஷனைத் திட்டவும் விடமாட்டேன் என்கிறாய்.

ஆக, என் நிபந்தனை இது. ஜனவரியில் உன் கப்பல் ஸ்டர்ஜன் பே துறையில் வந்து நிற்பதற்குள் நீயே உன் அக்காவுக்கு எழுத வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குளிர்காலம் மாடி அறை உனக்கு இல்லை. பதினோரு வருஷமாக அதுதான் உன் வீடு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

இன்னொன்று. பக்கத்துப் பண்ணை நார்பெர்ட் பழைய சாமான் விற்றபோது பெர்னெல் ஒரு ஃப்ரீசர் வாங்கினாள். வாங்கி என்ன பயன், ஒரு பட்டாணிப் பொட்டலம்கூட அதில் வைக்க மாட்டேன் என்கிறாள். சும்மா கிடக்கிறது. கெர்மிஸுக்கு நாற்பது பேர் வருவார்கள். உன் அட்டைப்பெட்டிச் சாமானை அதில் மாட்டலாம் என்று பார்க்கிறேன். துளை போடாமல் மாட்ட வழி இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

எல்ராய்


ஹூரான் ஏரி
ஜூலை 11

அன்புள்ள அத்தானுக்கு,

வழி இருக்கிறது. முதலிலேயே அதைச் செய்திருந்தால் நானும் மனிதனாக இருந்திருப்பேன்.

பெட்டியின் மூடியைக் கழற்றிவிடுங்கள். இரண்டு அங்குலத் தடிமன், எட்டு அங்குல உயரத்தில் பைன் பலகை எடுத்து, பெட்டியின் வாய் அளவுக்கே ஒரு மரச்சட்டம் அடியுங்கள். அதைப் பெட்டியின் மேல் உட்கார வைத்து, சட்டத்தின் மேல் மூடியை மாட்டுங்கள். துளை எல்லாம் அந்த மரத்தில்தான். பெட்டியின் உடம்பை ஆணிகூடத் தொடக் கூடாது. இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஈரம் இறங்கித் தண்ணீர் தேங்கும்.

பீப்பாயிலிருந்து குழாய்க்குப் போகும் ஹோஸைக் குட்டையாக வெட்டி அழகு பார்க்க வேண்டாம். பத்தடி இருக்கட்டும், சுருட்டி உள்ளேயே போட்டுவிடுங்கள். நீளமாக ஓடி வந்தால்தான் பீர் அடங்கி இறங்கும். குட்டையாக இருந்தால் கிளாஸ் நிறைய நுரைதான் வரும், ஷேவிங் பண்ணிக்கொள்ளலாம். வாயு சிலிண்டரை மாட்டியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம்.

முக்கியமான விஷயம், அந்தக் கருவியிலிருந்து வரும் வெப்பம் பார்க்கும் கம்பி. அதன் நுனியை ஒரு பீப்பாயின் வயிற்றில் வைத்து டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள். டேப்பை மறக்காதீர்கள்.

இவ்வளவும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அக்காவுக்கு நாலு தடவை எழுத உட்கார்ந்து நாலு தடவையும் கிழித்துவிட்டேன். 'அன்புள்ள அக்கா' என்று எழுதுகிறேன், அதற்கு மேல் கை போகவில்லை. அம்மா விஷயத்தை நீங்கள் எழுதியதைப் படித்த அன்று இருபத்திரண்டு பேருக்கு வைத்த பன்றி இறைச்சியைத் தீய விட்டேன்.

நீங்கள் சொன்னது நியாயம். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

மைரன்


அல்கோமா
ஆகஸ்ட் 22

மைரனுக்கு,

சட்டம் அடித்தாயிற்று. மூலைகள் நீ அடிப்பதைவிட ஒழுங்காக இருக்கின்றன. ஒரு துளிகூடக் கசியவில்லை. நார்பெர்ட் வந்து பார்த்துவிட்டு, "பார் கவுண்டர் மாதிரியே இருக்கேப்பா, காசு வாங்குவியா?" என்றான். நாலு பீப்பாயும் நிறைத்துவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. டேப் ஒட்டினால் பீப்பாயில் பிசின் பிடிக்கும். கம்பியைச் சும்மா உள்ளே தொங்கவிட்டால் போதாதா? போதும் என்று எனக்குப் படுகிறது.

உன் அக்காவுக்கு இன்னும் தபால் வரவில்லை. தபால்காரரை நான்தான் வாசலில் நின்று பார்க்கிறேன்.

எல்ராய்


அல்கோமா
செப்டம்பர் 24

மைரன்,

கெர்மிஸ் முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன், சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்.

திருவிழாவுக்கு முந்தின திங்கட்கிழமை பீப்பாய்களை அங்கே இங்கே நகர்த்தினேன். அந்த இழுபறியில் கம்பி வெளியே வந்து கராஜ் தரையில் விழுந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. செவ்வாயன்று கருவியில் எழுபது டிகிரி என்று காட்டியது. சரி, பெட்டி சரியாகக் குளிரவில்லை போல என்று இன்னும் குறைத்து வைத்தேன். புதன்கிழமை மூடியைத் திறந்தால் நாலு பீப்பாயும் பாறை. தட்டினால் சத்தம் வருகிறது. கம்பி கராஜின் சூட்டைப் பார்த்துப் பெட்டியை நிற்காமல் ஓட்டியிருக்கிறது. கோடை முழுக்கக் காய்ச்சிய பீர்.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? மூடிவிட்டு மேலே ஒரு கம்பளியைப் போட்டேன். பெர்னெல் வந்து, "ஒரு கிளாஸ் ஊத்துங்க, ருசி பாக்கறேன்" என்றாள். "இப்ப ஊத்தக் கூடாது, பீர் தூங்கணும்" என்றேன். "எப்பலேர்ந்து பீர் தூங்க ஆரம்பிச்சுது?" என்றாள். வியாழனும் தூங்குகிறது என்றேன். வெள்ளியும் தூங்குகிறது என்றேன். சந்தடியில்லாமல் போய்க் கடையில் பீர் வாங்கி வந்து நார்பெர்ட்டின் வைக்கோலுக்கு அடியில் ஒளித்தேன். அறுபது வயசு ஆள், சொந்தப் பெண்டாட்டியிடம் ஒரு ஃப்ரீசரைப் பற்றி உண்மை சொல்ல முடியாமல் மூன்று நாள் திருட்டு முழி முழித்தேன்.

சனிக்கிழமை காலையில் அவளே வந்து கம்பளியை இழுத்தாள். சொல்லிவிட்டேன். கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "போகட்டும் விடுங்க. இந்த வீட்ல ஃப்ரீசரைக் கெடுத்தவ நான் ஒருத்திதான்னு நெனச்சிட்டிருந்தேன். இப்ப துணைக்கு நீங்களும் வந்துட்டீங்க" என்றாள்.

 சொல்ல வேண்டிய இடம் அதுதான். துளையைப் பற்றிச் சொல்லாமல் கம்பளியை மடித்து வைத்தேன்.

ஞாயிறன்று இரண்டு பீப்பாய் பாதி உருகியிருந்தன. தண்ணீர் மட்டும் உறைந்து, உறையாமல் அடியில் நின்ற பீர் பிராந்தி கணக்காக ஏறும் என்று எனக்கென்ன தெரியும்? முதல் இரண்டு கிளாஸ் நார்பெர்ட்டுக்குப் போயிற்று. அவன் கோழிக் குழம்பு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு டிராக்டர் வண்டியில் போய்ப் படுத்தவன், மாலைதான் எழுந்தான். யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை.

மைரன், உன்னை மறைத்தவன் என்று ஏசினேன். நீ மறைத்தது ஐந்து வாரம். அந்தத் துளையைப் பார்த்த நாளிலிருந்து நான் மறைப்பது ஐந்து மாதம். நீதான் சொல்ல வேண்டும், நீதான் சொல்ல வேண்டும் என்று நியாயம் பேசிக்கொண்டு, அவள் தன்னையே கரித்துக் கொட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நிபந்தனை ஒன்றும் இல்லை. நீ எழுதினால் எழுது. முதல் பனி விழுகிற அன்று நான் சொல்லிவிடுவேன், உன் பங்கையும் என் பங்கையும் சேர்த்து. மாடி அறையைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவள் அவள். நானில்லை.

எல்ராய்


டெட்ராய்ட் ஆறு
அக்டோபர் 19

அத்தானுக்கு,

சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிட்டங்கி அறையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அக்காவுக்கு எழுதி முடித்தேன்.

இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. அக்காவுக்கு. ஒட்டிவிட்டேன், நீங்கள் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டாம். பதினோரு வரிதான். துளை போட்டது நான், நாட்காட்டியை ஒட்டி மறைத்தது நான், உன் கை எதையும் தட்டவில்லை, உன் ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறேன். குளிரைப் பற்றியும் சோளமாவைப் பற்றியும் எழுதவில்லை. எழுதினால் சாக்குச் சொல்வது போல இருந்தது. உங்களுக்குத் தெரியும் என்பதையும் எழுதவில்லை. அதை நீங்களே வைத்துக்கொள்வதும் சொல்வதும் உங்கள் இஷ்டம்.

ஜனவரியில் ஸ்டர்ஜன் பேயில் மாலுமிகள் தங்கும் விடுதியில் ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீட்டில் வந்து தட்டை நீட்ட எனக்கு இனிமேல் முகம் இல்லை. நீங்கள் வருத்தப்படாதீர்கள்.

தபால் படகு தெரிகிறது. இன்னொரு தடவை படித்தால் இதையும் கிழித்துவிடுவேன். வாளியில் போடுகிறேன்.

மைரன்


அல்கோமா
நவம்பர் 7

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. உறையை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். இரண்டு தடவை படித்தாள். "அப்ப நான் பிளக்கைத் தட்டலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கராஜுக்குப் போய்ச் சுவரில் அந்த பிளக் இருக்கும் இடத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் அதையேதான் கேட்டாள். "தட்டவே இல்லையா?" மூன்றாவது தடவை கேட்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

என் பங்கையும் அப்போதே சொல்லிவிட்டேன். அழுகை அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு மூன்று நாள் நான் பாலாடைக் கட்டியும் ரொட்டியும் தின்று உயிர் வாழ்ந்தேன். வீட்டில் என்னோடு பேசியது ரேடியோ மட்டும்தான்.

நாலாவது நாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு போய் மான் வேட்டைக்கு உரிமச் சீட்டு வாங்கி வந்தாள். இந்த வருஷம் போக மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்த வேகத்தில் கராஜ் கதவைத் தூக்கி, "உங்க பீப்பாயெல்லாம் வெளிய எடுங்க. மான் அடிச்சா எங்க வைக்கறது, உங்க தலையிலயா?" என்றாள். நான் இழைத்து இழைத்து அடித்த மரச்சட்டம் இப்போது சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதற்கு ஏற்ற வேறொரு பெட்டி தேட வேண்டும். துளை இல்லாத பெட்டி.

உனக்குப் பதில் எழுதப் போகிறாளா என்று நேற்று அவளைக் கேட்டேன். "எழுத மாட்டேன். இதெல்லாம் கடுதாசில திட்டித் தீர்ற விஷயமா? நேர்ல வரட்டும்" என்றாள்.

விடுதியில் தங்கப் போவதாக எழுதியிருக்கிறான் என்றேன்.

"விடுதில போய் உக்காந்துக்கிட்டா நான் யாரைத் திட்டறது? தெனம் கார்ல அவ்வளவு தூரம் போயா திட்டிட்டு வருவேன்? ஒழுங்கா மாடியில வந்து இருக்கச் சொல்லுங்க. திட்டி முடிக்க எப்படியும் மார்ச் ஆகும்."

எல்ராய்